அடிக்கிற கையில் அந்த வசனம் வேண்டாம்

பேராயர் அவர்களுக்கும் திருமண்டல நிர்வாகக் குழுவினருக்கும்,

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின லெந்து காலத்தின் இரண்டாம் ஞாயிறு அன்று எல்லா ஆலயங்களிலும் வாசிக்கப்பட்ட உங்கள் சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். அதில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, அன்றைய பிரசங்கத்துக்கு நீங்கள் கொடுத்த தலைப்பு: 'நன்மை செய்து பாடுபடுதல்', 1 பேதுரு 2:20. மற்றது, ஆராதனை முடிவில் வாசிக்கச் சொன்ன அறிவிப்பு: திருமண்டலத்தின் உள்விவகாரங்களைக் கல்வித் துறைக்கோ, போலீசுக்கோ, கோர்ட்டுக்கோ, பத்திரிகைக்கோ கொண்டுபோகிறவர்கள் மன்னிப்புக் கடிதம் எழுதித் தரும்வரை அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்தில் பங்குபெறக் கூடாது. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தின் கீழ் வந்தன.

அறிவிப்பில் பெயர் எதுவும் இல்லை. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று எங்கள் சேகரத்தில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நம் மேல்நிலைப் பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்த அந்தப் பிள்ளையோடு நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவள். நடந்ததில் பெரும்பகுதியைக் கூடவே இருந்து பார்த்தேன். சபையில் இப்போது சுற்றுகிற கதை வேறு மாதிரி இருப்பதால், நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பீடி சுற்றுகிற ஒரு தாய் பையனுக்கு டி.சி. வாங்க வந்தார். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது கட்டிய 'டெபாசிட்' பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ரோஸ் நிறச் சீட்டு. பள்ளியின் பெயர் கிடையாது, வரிசை எண் கிடையாது. பையன் பெயர், வகுப்பு, பன்னிரண்டாயிரம் என்று ஒரு தொகை, கீழே ஒரு சுழித்த இனிஷியல், அவ்வளவுதான். நான் அப்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்குள் நின்றிருந்தேன். அந்தப் பிள்ளை ரொக்கப் புத்தகத்தை எடுத்து அந்த மாதத்தைப் புரட்டினாள். இல்லை. அதற்கு அடுத்த மாதத்தையும் புரட்டினாள். இல்லை. "அம்மா, நீங்க உட்காருங்க" என்று அந்தத் தாய்க்கு நாற்காலி போட்டுவிட்டு, மறுபடியும் முதலில் இருந்து தேடினாள்.

அதற்கப்புறம் அதே மாதிரிச் சீட்டுகள் வேறு பெற்றோரிடம் இருந்தும் வந்தன. 'கட்டட நிதி' என்று சிலரிடம் வாங்கியிருக்கிறார்கள், சிலரிடம் 'டெபாசிட்' என்று. எதுவும் கணக்கில் ஏறவில்லை. மாதக் கடைசியில் ரொக்கப் புத்தகத்தை முடித்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். "புத்தகத்துல இல்லாத பணம் நடமாடுதுன்னு தெரிஞ்ச பிறகு, எல்லாம் சரின்னு எப்படி டீச்சர் கையெழுத்துப் போடுறது?" என்று என்னிடம் கேட்டாள். போடவில்லை. தாளாளருக்கு எழுதினாள், பதில் இல்லை. திருமண்டல அலுவலகத்துக்கு எழுதினாள். தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்கிய நகல் அவளிடம் இருக்கிறது, நான் பார்த்தேன். அதற்கும் பதில் இல்லை.

வந்தது மெமோ. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாள் என்று. பிறகு மாற்றல் உத்தரவு, மலையடிவாரத்தில் இருக்கிற பள்ளிக்கு, பஸ் மாறிப் போக வேண்டிய ஊர். அதையும் ஏற்றுக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்துதான் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு போட்டாள். மனு போட்டதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். பணிநீக்கக் காலத்தில் சட்டப்படி கொடுக்க வேண்டிய பிழைப்பூதியம்கூட இன்றுவரை அவள் கைக்கு வரவில்லை. அந்தச் சீட்டுகளில் இனிஷியல் போட்டவர் யார் என்று கேட்டு யாருக்கும் ஒரு மெமோ போனதாக நான் கேள்விப்படவில்லை.

சேகர கமிட்டியில் இருந்த காலத்தில் நான் இதை எழுப்பினேன். 'பள்ளி சம்பந்தமாகப் பேசப்பட்டது' என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். என்ன பேசப்பட்டது என்பது இருக்காது.

சுற்றறிக்கை வாசித்த அடுத்த திருவிருந்து ஞாயிறு அன்று அவள் ஆலயத்துக்கு வந்தாள். எனக்கு இரண்டு ஆள் தள்ளிக் கிராதியில் முழங்காலிட்டு, வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து ஏந்தியிருந்தாள். எங்கள் போதகரான ஐயர் வரிசையாக அப்பம் கொடுத்துக்கொண்டு வந்தார். அவளிடம் வந்தபோது ஒரு நொடி நின்றார், பிறகு அடுத்தவர் கையில் வைத்துவிட்டு நகர்ந்தார். பின்னால் பாத்திரத்தோடு வந்தவரும் அப்படியே நகர்ந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. அந்த வரிசை முழுவதும் எழுந்து போய், அடுத்த வரிசை வந்து முழங்காலிட்ட பிறகும் கையை ஏந்தியபடியே இருந்தாள். அந்த ஐயரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் மாற்றல் உத்தரவு போடுகிற கை உங்களுடையதுதான். அவர் முகத்தைப் பார்த்தேன், அன்றைக்கு அவருக்கும் அப்பம் இறங்கியிருக்காது.

அதற்கு முன்னாலேயே அவள் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல ஆட்களை அனுப்பினீர்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நீதியினிமித்தம் துன்பப்படுகிறவர்கள் பாக்கியவான்கள். சிலுவையைச் சுமந்துகொள் அம்மா. யோசேப்பும் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்தானே. கர்த்தர் ஏற்ற காலத்தில் உயர்த்துவார். இதெல்லாம் சொல்லி ஜெபித்துவிட்டு, மன்னிப்புக் கடிதத்துக்கு ஒரு மாதிரி வாசகத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

பேராயர் ஐயா, எகிப்தில் யோசேப்பின் எஜமானான போத்திபார் அவனைச் சிறையில் போட்டான், சரி. ஆனால் அவன் சிறைக்கு ஆள் அனுப்பி, பாடு சகிப்பதன் மேன்மையைப் பற்றி யோசேப்புக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. யோசேப்பு வாய்மூடி இருந்ததாக நம் பிரசங்கங்களில்தான் வருகிறது, வேதத்தில் இல்லை. ஆதியாகமம் 40-ஆம் அதிகாரத்தில் கூடச் சிறையில் இருந்த, அரசன் பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் அவன் தெளிவாகக் கேட்கிறான்: பார்வோனுக்கு அறிவித்து என்னை இங்கிருந்து விடுவிக்கப் பார், நான் இங்கே சிறையில் கிடக்கும்படி ஒன்றும் செய்யவில்லை. இன்றைய பாஷையில் அது மேல்முறையீடு. உங்கள் சுற்றறிக்கைப்படி யோசேப்புக்கும் திருவிருந்து கிடையாது.

நீங்கள் கொடுத்த வசனத்துக்கே வருகிறேன். 'நீங்கள் நன்மைசெய்து பாடுபடும்போது பொறுமையோடே சகித்தால் அதுவே தேவனுக்குமுன்பாகப் பிரீதியாயிருக்கும்.' அதற்கு இரண்டு வசனம் முன்னால் பார்த்தால் பேதுரு யாரிடம் பேசுகிறார் என்று தெரியும். எஜமான்களுக்குக் கீழ்ப்பட்ட வேலைக்காரரிடம் பேசுகிறார், அதாவது அந்தக் கால ரோமப் பேரரசின் அடிமைகளிடம். அடித்தால் கேட்க நாதியில்லாதவர்கள், எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாதவர்கள். உன் பாடு வீண்போகவில்லை, கிறிஸ்துவும் இந்த வழியாகத்தான் போனார், தேவன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவர்களுக்குப் பேதுரு சொன்னது அடிவாங்கியவனை நிமிர்ந்து நிற்க வைக்கிற பேச்சு. அந்த முதுகெலும்பை இந்தப் பிள்ளை முன்பே வாங்கிவிட்டாள், அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. அதே பேச்சை அடித்தவன் எடுத்துப் பேசினால் அடிமைகளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? எஜமானுக்கு அந்த வசனத்தில் எந்த வேலையும் இல்லை. பேதுரு அதை எஜமான்கள் கையில் கொடுக்கவே இல்லை.

மேய்ப்பர்களுக்கு என்று அவர் எழுதியது அதே நிருபத்தில் 5-ஆம் அதிகாரத்தில் தனியாக இருக்கிறது. மந்தையை மேய்க்கச் சொல்லுகிறார்: 'அவலட்சணமான ஆதாயத்திற்காக அல்ல, உற்சாக மனதோடும்', பிறகு 'சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாகவும்'. அவலட்சணமான ஆதாயம் என்று எழுதும்போது அவர் ரோஸ் நிறச் சீட்டைப் பார்த்திருக்க முடியாதுதான். இரண்டு தாள் தள்ளி இருக்கிற இந்தப் பகுதியை ஏன் லெந்து தலைப்பாகக் கொடுக்கவில்லை? 4-ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவங்குங்காலமாயிருக்கிறது. தேவனுடைய வீட்டில், பக்கத்து வீட்டில் இல்லை.

தண்டனை வாங்கிய எல்லோரும் இரத்தசாட்சிகள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் திருமண்டலத் தேர்தலில் தோற்றவர்கள்கூடத் தாங்கள் நீதிக்காகப் பாடுபடுவதாக நோட்டீஸ் அடிக்கிற காலம் இது. பாடுபடுகிறவன் திருடனாகவோ பொல்லாங்கு செய்தவனாகவோ இருந்து பாடுபடக் கூடாது என்று பேதுருவே எல்லை கட்டியிருக்கிறார். அப்படியானால் அவள் எந்தப் பக்கம் என்பதை யாராவது விசாரித்துத்தானே சொல்ல வேண்டும்? இதுவரை அவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, 'உன்னிடம் என்ன இருக்கிறது, காட்டு' என்று கேட்டவர்கள் இல்லை. நம் ஆண்டவரை விசாரித்த காய்பா நல்ல நீதிபதி இல்லை என்பது தெரிந்ததே. அவன்கூட எழுந்து நின்று, இவர்கள் உனக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்கிறார்களே, நீ ஒன்றும் சொல்லுகிறதில்லையா என்று கேட்டான்.

இயேசு மௌனமாக இருந்தாரே என்று ஒருவர் என்னிடமே சொன்னார், நல்ல மனிதர், எங்கள் சபையின் மூத்தவர். மௌனமாக இருந்தார், உண்மை. ஆனால் எங்கே, எப்போது என்று பார்க்க வேண்டும். அந்த ராத்திரி பிரதான ஆசாரியனின் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது அவர் மௌனமாக இல்லை. 'நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி. நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார். யோவான் 18:23. குற்றம் இருந்தால் நிரூபி, இல்லையென்றால் அடித்ததற்குக் காரணம் சொல். இந்தப் பிள்ளை கல்வி அலுவலகத்துக்கு எழுதிய மனுவில் இருப்பதும் இதேதான். அதற்குச் சில நாள் முன்னால்தான் அவர் ஆலயத்துக்குள் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்திருந்தார் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

பவுலை இன்னும் அதிகமாக மறந்துவிடுகிறோம். பிலிப்பியில் அவரையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துத் தொழுமரத்தில் மாட்டினார்கள். ராத்திரியில் இருவரும் பாடினார்கள், அதை நாம் எல்லா எழுப்புதல் கூட்டத்திலும் கேட்கிறோம். காலையில் நடந்ததை யாரும் பிரசங்கிப்பதில்லை. போய்விடலாம் என்று அதிகாரிகள் ஆள் அனுப்பிச் சொன்னபோது பவுல் போகவில்லை. விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்தார்கள், இப்போது இரகசியமாய் அனுப்பிவிடப் பார்க்கிறார்களோ, அவர்களே வந்து வெளியே அழைத்து விடட்டும் என்றார். வந்தார்கள். பாடு அனுபவிப்பதும் நியாயம் கேட்பதும் ஒரே மனிதனிடம் ஒரே ராத்திரிக்குள் இருந்திருக்கின்றன. பிறகு செசரியாவில், சொந்த ஜனங்களின் கையில் ஒப்புக்கொடுக்கப்படாதபடி இராயனுக்கே, அதாவது ரோமப் பேரரசனுக்கே, அபயமிட்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்பதற்கு நீங்கள் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுவீர்கள் என்று தெரியும். அது எனக்கும் கஷ்டமான பகுதிதான். சகோதரன் சகோதரனோடு அவிசுவாசிகளுக்கு முன்னால் வழக்காடுவதைப் பவுல் கண்டிக்கிறார், ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை என்றுகூடக் கேட்கிறார். மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு முந்தி அவர் சபையிடம் ஒன்று கேட்கிறார்: வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா? அவள் இரண்டு முறை அந்த விவேகியைத் தேடித்தான் எழுதினாள். முத்திரை குத்திய நகல் இருக்கிறது. சபைக்குள் ஒரு கதவும் திறக்காதபோது வெளியே போய்த் தட்டினாள். அநியாயத்தைச் சகிக்கச் சொல்கிற அந்த வசனத்துக்கு அடுத்த வசனமே இப்படி வருகிறது: 'நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள்; சகோதரருக்கும் அப்படிச்செய்கிறீர்களே.' முழுவதையும் வாசித்துவிட்டு யார்மேல் பொருந்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சபை சரித்திரம் படிக்கிற பழக்கம் வந்தது எனக்கு. அதில் மனதை விட்டுப் போகாத ஒருவர், ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடகுண்ட் என்ற சின்னக் கிராமத்து விவசாயி, பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஊர்க் கோயிலில் மணியடிப்பது, சுத்தம் செய்வது போன்ற வேலைகளையும் பார்த்தவர், நம் பக்கத்தில் என்றால் கோயில்பிள்ளை என்போம். 1938-இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு சேர்த்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் 'வேண்டாம்' என்று போட்டவர் அவர் ஒருவர்தான். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் சண்டை போட்டால் பாவம் என்று அவருக்குத் தோன்றியது. லின்ஸ் நகரத்து ஆயரைப் போய்ப் பார்த்தார். போரின் நியாய அநியாயம் உன் பொறுப்பில்லை, உன் குடும்பத்தைப் பார் என்கிற விதமாகத்தான் அவருக்குப் புத்தி சொல்லப்பட்டது. 1943 மார்ச்சில் படைமுகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்தமாட்டேன் என்றார். ஜூலையில் பெர்லின் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று பிரான்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. வயது 36. மனைவியும் மூன்று சின்னப் பெண் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள்.

என்னை உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. ஹிட்லர் செத்து, போர் முடிந்து, 1946-இல் அவரைப் பற்றி மறைமாவட்டப் பத்திரிகையில் ஒரு கட்டுரை போடக் கேட்டபோது அதே ஆயர் அனுமதிக்கவில்லை. கடமையைச் செய்து போரில் செத்த கத்தோலிக்க இளைஞர்கள்தான் பெரிய வீரர்கள் என்பது அவர் எண்ணம். இப்போது அவருக்குப் பயப்பட ஹிட்லர் இல்லை. ஆனால் ஒரு கோயில்பிள்ளை சரியாகச் செய்தான் என்று ஒத்துக்கொண்டால், ஆயர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி வரும். மனைவி பிரான்சிஸ்காவுக்கு ஊரில் ஏச்சுதான் கிடைத்தது, போர் விதவைகளுக்கான ஓய்வூதியம்கூட 1950 வரை மறுக்கப்பட்டது. 1997-இல் ஒரு பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26 அன்று, அதே லின்ஸ் பேராலயத்தில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முக்திப்பேறு பட்டம் கொடுத்தார்கள். பிரான்சிஸ்கா அங்கே இருந்தார், 94 வயதில். திருச்சபை ஒரு மனிதரைப் புரிந்துகொள்வதற்குள் அவருடைய மனைவி கிழவியாகிவிட்டார்.

இதை நம் திருமண்டலத்தோடு ஒப்பிடுவது பெரிய பேச்சு என்று சொல்வீர்கள். உயிர் போகவில்லை, வேலைதானே போயிருக்கிறது என்பீர்கள். சரி. ஆனால் எட்டத்தில் இருப்பவர்கள் நீதிக்காகப் பாடுபட்டால் நமக்கு எவ்வளவு எளிதாக ஜெபம் வருகிறது! 2021 ஜூலை 5 அன்று, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளுக்காக உழைத்த குருவானவர் ஸ்டான் சுவாமி ஜாமீன் கிடைக்காமலே மும்பை ஆஸ்பத்திரியில் இறந்தபோது எங்கள் ஆலயத்தில் எழுந்து நின்று ஜெபித்தோம். நடுக்குவாதம் வந்த கைக்கு உறிஞ்சு குவளை கேட்டதைச் சொல்லி எங்கள் ஐயர் அழுதார், சபையும் அழுதது. மும்பையில் நடந்ததற்கு அழத் தெரிந்த நமக்கு, நம் பள்ளி அலுவலகத்தில் நடந்தது ஒழுங்கு நடவடிக்கையாகத் தெரிகிறது.

நம் முன்னோர்களும் வாய்மூடிப் பாடுபட்டவர்கள் இல்லை. தென் திருவிதாங்கூரில் நம் பெண்கள் மேலாடை போட்டதற்காகச் சந்தையில் துணியைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1820-களில் நடந்தது, 1858-இல் மறுபடியும் நடந்தது. அந்தப் பெண்களிடம் மிஷனரிகள் 'பாக்கியவதிகள், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மகாராஜாவுக்கு மனு எழுதினார்கள், ஆங்கிலேய அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதினார்கள், சென்னை கவர்னர் வரை விஷயம் போனது. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பு வந்தது அப்படித்தான். சபை விஷயத்தை வெளியே கொண்டுபோனவர்களால்தான் நம் பாட்டிகள் ரவிக்கை போட்டார்கள்.

இனி, நீங்கள் மேடையில் சொல்லாமல் தனியே சொல்கிற காரணம். நாட்டு நிலைமை சரியில்லை, சிறுபான்மை நிறுவனங்கள் மேல் கண் வைத்துக் காத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் நாமே அவர்களுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கலாமா என்பது. இது பொய்க் காரணம் இல்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு நமக்குக் கொடுத்தது பள்ளிகளை நடத்துகிற உரிமை. நிர்வகிக்கும் உரிமை என்பதில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே, கேரளக் கல்வி மசோதா விவகாரத்தில் சொல்லிவிட்டது. ஆயுதம் அந்த ரோஸ் நிறச் சீட்டுதான். பள்ளியின் பெயர் அச்சடிக்காத அந்தச் சீட்டைக் கடையில் வாங்கி இனிஷியல் போட்டவர்கள்தான் ஆயுதத்தைக் கொடுத்தார்கள். அவள் அந்தப் பணத்தைக் கணக்கில் ஏற்றச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் விஷயம் பள்ளி அலுவலகத்தைத் தாண்டியே இருக்காது. சம்பளம் அரசு கொடுக்கிறது, நியமனமும் மாற்றலும் நாம் போடுகிறோம், பணம் கட்டுகிறவர்களோ பீடி சுற்றியும் கூலி வேலைக்குப் போயும் பிழைக்கிறவர்கள், பாதிப் பேர் நம் சபைக்காரர்கள்கூட இல்லை. நம்மைப் பற்றி அவர்கள் வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது எனக்குக் கோர்ட்டைவிடப் பெரிய பயம்.

நான் கேட்பது இவை.

சுற்றறிக்கையில் திருவிருந்தைத் தடுக்கிற பகுதியை வாபஸ் வாங்குங்கள். வாசித்த எல்லா ஆலயங்களிலும் வாபஸ் வாங்கியதையும் வாசிக்கச் செய்யுங்கள். ஆண்டவருடைய பந்தியை ஒழுங்கு நடவடிக்கைக்கான கருவியாக்க, அதுவும் விசாரணையே இல்லாமல், உங்களுக்கு உரிமை இல்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறு அன்று எங்கள் ஐயர் பயமில்லாமல் அவள் கையில் அப்பம் வைக்க வேண்டும், அதற்காக அவருக்கு ஒரு கேடும் வரக் கூடாது.

அவளுடைய பணிநீக்கத்தை ரத்து செய்து பழைய இடத்திலேயே வேலைக்கு எடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், பாக்கிப் பிழைப்பூதியம் முழுவதையும் இந்த மாதத்துக்குள் கொடுங்கள். அவள் தாலிச் செயினை அடகு வைத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கிறாள். இதைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்.

கட்டட நிதி, டெபாசிட் என்ற பெயர்களில் கடந்த மூன்று கல்வியாண்டுகளில் வாங்கிய பணம் அத்தனையையும், தாளாளரோ திருமண்டலப் பொருளாளரோ நியமிக்காத ஒரு ஆடிட்டரை வைத்துத் தணிக்கை செய்யுங்கள். சீட்டு வைத்திருக்கிற பெற்றோர் பயமில்லாமல் வந்து கொடுக்க ஒரு நாளும் இடமும் அறிவியுங்கள், பள்ளிக்கு வெளியே. முடிவை ஆலய அறிவிப்பில் வாசியுங்கள். பணம் திரும்பக் கிடைக்க வேண்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள். முதல் ஆள் அந்தத் தாயாக இருக்கட்டும்.

அவள்மேல் குற்றம் இருக்கிறது என்று நீங்கள் இன்னும் நம்பினால் விசாரியுங்கள். நம் திருமண்டலத்தைச் சேராத ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில், ஒரு பெண்ணாவது இருக்கிற குழுவாக. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், அவள் கேட்கிற பதிவேடுகளைக் காட்டுங்கள், அவள் சாட்சிகளைக் கூப்பிடட்டும். என்னைக் கூப்பிட்டால் வருவேன், பார்த்ததைச் சொல்வேன்.

அதுவரை அவள் வீட்டுக்கு மன்னிப்புக் கடித வாசகத்தோடு யாரையும் அனுப்பாதீர்கள். ஜெபிக்கத்தான் என்றால் வெறுங்கையோடு வரச் சொல்லுங்கள்.

வருகிற லெந்து ஞாயிறுகளில் ஒன்றில் 1 பேதுரு 5-ஆம் அதிகாரத்தைத் தலைப்பாகக் கொடுங்கள். பிரசங்கத்தை நீங்களே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதில் எழுத்தில், திருமண்டல முத்திரையோடு, உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன்னால் வர வேண்டும். போனில் யாரும் என்னைச் சமாதானம் செய்ய வேண்டாம். பதில் வராவிட்டால் அவளுடைய மனுவோடு என்னுடைய சாட்சிப் பத்திரத்தையும் சேர்த்துக் கல்வி அலுவலகத்தில் நானே நேரில் கொடுப்பேன். அதற்காகத் திருவிருந்தில் எனக்கும் தடை என்றால், அந்த உத்தரவையும் எழுத்திலேயே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியை,
சேகர கமிட்டி முன்னாள் உறுப்பினர்